மின்மகிழுந்து: தீவுக்கா, நெடுஞ்சாலைக்கா?

புதிய வண்டி ஒன்று விற்பனைக்கு வந்தவுடன் அதன் வேகத்தை வினவுகிறோம். அது யாருக்கு, எங்கே பயன்படும் என்று வினவ மறந்துவிடுகிறோம். மின்மகிழுந்தைக் கண்டதும், "இடையில் நில்லாமல் சென்னைக்குப் போய்ச் சேருமா?" என்பதே பலரது முதற்கேள்வி. அதைவிட முதன்மையான கேள்வி வேறொன்று உண்டு என்பது நம் கருத்து.

இலட்சத்தீவை நோக்குவோம். அங்கு மக்கள் வாழும் தீவுகள் பத்து; மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மினிக்காய்த் தீவின் நீளமே சுமார் 10 கிலோமீட்டர்தான். எவ்வளவு சுற்றினாலும் மாலையில் வண்டி வீடு திரும்பிவிடும்; இரவில் மின்னேற்றிக் கொள்ளலாம். நெடுஞ்சாலையிலோ வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் பெருகி, மின்கலம் விரைந்து வற்றுகிறது. ஆகவே தீவு வாழ்க்கைக்கே மின்மகிழுந்து மிகவும் பொருந்தும் எனலாம்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. கப்பலில் வந்திறங்கும் டீசலை எரித்தே அத்தீவுகள் நெடுங்காலம் மின்சாரம் பெற்று வந்தன. அம்மின்சாரத்தால் ஓடும் வண்டி புகையை இடம் மாற்றுமேயன்றி ஒழிக்காது. 2024 ஜனவரியில் கவரத்தியில் மின்கலச் சேமிப்புடன் கூடிய சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது இக்குறையைத் தீர்க்கும் வழியைக் காட்டுகிறது.

மேச்சேரியைச் சுற்றிக் கடல் இல்லை. எனினும் நம் அன்றாடப் பயணம் ஒரு சிறு வட்டத்துள் அடங்குவதே. மேட்டூர், ஓமலூர், நங்கவள்ளி யாவும் அண்மையில் உள்ளன. சேலமும் 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை சென்னைக்கோ நாகூருக்கோ செல்வதை எண்ணி, பெரிய மின்கலம் பொருத்திய விலையுயர்ந்த வண்டிக்குக் கடன்படுவது அறிவுடைமை ஆகுமா? அத்தகைய பயணத்திற்குப் பேருந்தும் தொடர்வண்டியும் உள்ளன. நாள்தோறும் கடைக்கும் சந்தைக்கும் கல்லூரிக்கும் செல்வோர்க்கு வேண்டுவது சிறிய மின்வண்டியே. ஓசூரில் உருவாகும் மின் இருசக்கர வண்டிகள் அத்தேவையை ஓரளவு நிறைவு செய்கின்றன.

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியை அறிந்தவர்கள் நாம். எனவே வண்டியை மாற்றினால் மட்டும் போதாது. கல்விக்கூடங்களின் மேற்கூரைகளில் சூரிய மின்தகடுகள் அமைத்து, மாணவர்தம் வண்டிகளுக்குப் பகலிலேயே மின்னேற்ற வழிசெய்தல் வேண்டும். நன்கொடை வழங்கும் பெரியோர்கள் இதனையும் கருத்திற் கொள்வார்களாக. எவ்வளவு தொலைவு ஓடும் என்பதினும், நமக்கு எவ்வளவு தொலைவு தேவை என்பதே முதலில் எண்ணத்தக்கது.