நம்ம ஸ்டேஷன், நம்ம ஆளு!

சினிமாவில் இந்தத் தர்மசங்கடம் ரொம்ப சுலபம். கூட வேலை பார்க்கும் அதிகாரிதான் குற்றவாளி என்பது ஹீரோ போலீஸுக்கு இடைவேளையில் தெரியும். வெளியே மழை கொட்டும். நட்பா, கடமையா என்று ஒரு பாட்டு நேரம் குழம்பிவிட்டு, க்ளைமாக்ஸில் சுட்டுத் தள்ளுவார். மறுநாள் அதே ஸ்டேஷனில் அவர் யாரோடு உட்கார்ந்து டீ குடித்தார் என்று எந்த டைரக்டரும் காட்டியதில்லை!

நான் பி.காம். கணக்கு இடித்தால் வித்தியாசத் தொகையைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் போட்டு வைப்பது எங்கள் பாடம். அப்புறம் கண்டுபிடித்து நேர் செய்யவேண்டும் என்பது விதி (விதிதானே!). ஆபீஸ்களிலும் பாருங்கள், லேட்டாக வருகிறவருக்குப் பக்கத்து சீட்காரர் கையெழுத்துப் போடுவார். கேட்டால், "நம்ம ஆளு சார், விடுங்க." போவது அரை நாள் சம்பளம். காவல் நிலையத்தில் 'நம்ம ஆளு'வுக்கு விலை வேறு.

2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி, ஜெயராஜைப் பிடித்துப் போனார்கள். அப்பாவைத் தேடிப் போன பென்னிக்ஸும் உள்ளே. 22-ம் தேதி ராத்திரி மகன் இறந்தார். விடிந்ததும் அப்பா.

28-ம் தேதி கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் விசாரணைக்கு வந்தார். அவருக்குக் கிடைத்த வரவேற்பை, ஹைகோர்ட்டுக்கு அவரே எழுதி அனுப்பிய அறிக்கையில் படிக்கவேண்டும். சிசிடிவியில் பதிவாவது தினமும் தானாக அழிகிற மாதிரி 'செட்' செய்யப்பட்டிருந்தது. 19-ம் தேதிப் பதிவு இல்லை. லத்தியைக் கொடு என்று கேட்டதும் ஒரு காவலர் சுவரேறிக் குதித்து ஓடியே போனார். (சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. அடுத்த வரியில் நின்றுவிட்டது.)

அந்த ராத்திரி டூட்டியில் இருந்த பெண் ஏட்டு ரேவதி. வெளியே சக போலீஸ்காரர்கள் நின்று கிண்டலும் மிரட்டலுமாகச் சத்தம் கொடுத்துக்கொண்டிருக்க, உள்ளே அவர் சாட்சி சொன்னார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருக்கிறது, அழிப்பதற்குள் கைப்பற்றிவிடுங்கள் என்றார். எல்லாம் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடத் தயங்கினார்.

தயங்கமாட்டாரா பின்னே? குற்றம் சாட்டப்படுவது இன்ஸ்பெக்டரும் சப்-இன்ஸ்பெக்டர்களும். லீவு கேட்டால் இவர்களிடம்தான் கேட்கவேண்டும். வீட்டில் பெண் குழந்தைகள். அநியாயம் நடந்தால் போலீஸில் புகார் கொடு என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். போலீஸிலேயே இருக்கிறவர் எங்கே போவார்? 'கூட இருந்தே காட்டிக் கொடுத்துட்டா' என்ற பெயர் வேறு காத்திருக்கும். செத்துப்போன இருவரை யார் காட்டிக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பாதுகாப்புக்கு உறுதி கொடுத்த பிறகு கையெழுத்துப் போட்டார். பிறகு மதுரை கோர்ட்டில் கூண்டேறியும் அதையே சொன்னார்.

ஹைகோர்ட் மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறை கையில் கொடுக்கச் சொன்னது. தாசில்தார்கள் வந்து போலீஸ் ஸ்டேஷனைக் காவல் காத்தார்கள். ரேவதிக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் பொறுப்பு கலெக்டரிடம் போனது.