மாலத்தீவுக்கு மணலா, வாழைத்தாரா?

2024 ஏப்ரலில் மாலத்தீவுக்கான ஏற்றுமதி ஒதுக்கீட்டை இந்திய அரசு அறிவித்தது. அரிசி 1,24,218 டன், கோதுமை மாவு 1,09,162 டன், சர்க்கரை 64,494 டன், வெங்காயம் 35,749 டன், உருளைக்கிழங்கு 21,513 டன், பருப்பு 224 டன், முட்டை 42.75 கோடி. உள்நாட்டில் இந்தப் பொருள்களின் ஏற்றுமதிக்குத் தடை வந்தாலும் மாலத்தீவுக்கு மட்டும் இந்த அளவு வரை அனுப்பலாம் என்பது 1981ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி வந்த ஏற்பாடு. அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு. ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன். இரண்டும் முந்தைய ஆண்டைவிட 25 சதவீதம் கூடுதல். அதே மாதம், இந்தச் சரக்கு போகலாம் என்று குறிக்கப்பட்ட நான்கு சுங்க வாயில்களில் தூத்துக்குடியும் ஒன்று.

டெல்லிக்கும் மாலேக்கும் அப்போது உறவு கசந்திருந்ததால் நாளேடுகள் இதை வெளியுறவுச் செய்தியாகவே பார்த்தன. ஆழ்வார்திருநகரியில், தாமிரபரணியின் தென்கரையில் இருந்துகொண்டு படிப்பவருக்கு இது உள்ளூர்ச் செய்தி. எங்கள் ஊருக்குக் கொஞ்சம் மேலே ஸ்ரீவைகுண்டம் அணை, ஆற்றின் கடைசி அணைக்கட்டு. கீழே ஏரல், ஆத்தூர், முக்காணி தாண்டிப் புன்னைக்காயலில் ஆறு முடிகிறது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏறும் துறைமுகம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

ஒதுக்கீட்டைக் கூட்டிப் பார்க்கலாம். முட்டையை விட்டுவிட்டால் உணவுப் பொருள் மொத்தமும் மூன்றரை லட்சம் டன். மணலும் ஜல்லியும் இருபது லட்சம் டன். ஒரு டன் உணவுக்கு ஐந்தரை டன்னுக்கு மேல் கட்டுமானப் பொருள். 2022 கணக்கெடுப்பில் மாலத்தீவின் மக்கள்தொகை, வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து, 5,15,132. தலைக்கு ஓராண்டுக்கு இரண்டு டன் ஆற்று மணல். இது உச்சவரம்புதான், அத்தனையும் போய்ச் சேரும் என்பதில்லை. ஆனால் ஒரு நாட்டின் தேவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

ஏன் இவ்வளவு மணல்? மாலத்தீவு வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பவளத்தீவுக் கூட்டம். சுமார் 1,190 தீவுகளில் மக்கள் வாழ்பவை 190க்கும் சற்றுக் குறைவு. எல்லாவற்றின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் 300 சதுர கிலோமீட்டர் தேறும். எங்கள் தூத்துக்குடி மாவட்டம் அதைப்போலப் பதினைந்து மடங்குக்கும் பெரியது. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டரைத் தொடாது. ஆறு இல்லை, மலை இல்லை, கருங்கல் இல்லை. கரையெங்கும் வெள்ளை வெளேரென்று மணல் கிடக்கிறதே என்றால், அது பவளம் பொடிந்த மணல். உப்பு ஏறிய அந்த மணலில் கான்கிரீட் போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிடும். அதனால் கடலடி மணலை வாரிப் புதிய நிலத்தைக் கொட்டி எழுப்பும் நாடு, அந்த நிலத்தின் மேல் கட்டடம் எழுப்ப வேறொரு நாட்டின் ஆற்றை நம்பியிருக்கிறது.

மக்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தலைநகர் மாலே பகுதியில் நெருங்கி வாழ்கிறார்கள். இடம் போதாமல் 1997இல் கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்ற புதுத்தீவை எழுப்பத் தொடங்கினார்கள். 2018இல் சீன உதவியோடு பாலம் வந்தது. இப்போது இந்தியக் கடனுதவியில் 6.74 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னொரு பாலம் எழுகிறது. சுற்றுலா 1972இல் தொடங்கியது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறை என்பதால் ஒவ்வொரு விடுதியும் தனக்கென மின்நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கழிவுநீர் ஏற்பாடு, படகுத்துறை எல்லாவற்றையும் தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டும். தூத்துக்குடி நகரம் ஒரே குழாய், ஒரே மின்கம்பி என்று பகிர்ந்துகொள்வதை அங்கே நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பக் கட்டியாக வேண்டும். சிறு தீவுகளில் விலைவாசி ஏன் ஏறியே இருக்கிறது என்பதற்கு இது பாதி விடை. மீதிப் பாதி கப்பலில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கட்டுமானத்துக்குக் கல் தேடிய கதை அங்கே முன்பே ஒரு முறை நடந்திருக்கிறது. மாலேயின் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் 1658இல் பவளக்கல்லைச் செதுக்கிக் கட்டியது. அந்தக் காலத்தில் வெட்டிய அளவைப் பவளத்திட்டு தாங்கிக்கொண்டது. பிற்பாடு நகரம் பெருத்து, வீட்டுச் சுவருக்கும் தூர்ப்பதற்கும் பக்கத்துத் திட்டுகளிலிருந்து கல் வெட்டி எடுத்தபோது, அலையை மறித்து நின்ற அரண் தணிந்துபோனது. 1987இல் பெருங்கடல் அலை மாலேக்குள் புகுந்தது. பிறகு ஜப்பான் உதவியோடு நகரைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டிவந்தது. இயற்கை சும்மா கொடுத்திருந்த சுவரை எடுத்துவிட்டு, பெரும் பணம் கொடுத்து இன்னொரு சுவர் வாங்கியாயிற்று. பவளம் வெட்டுவதற்கு அங்கே கட்டுப்பாடு வந்தது. வந்ததும் தேவை கடல் தாண்டி எங்கள் கரைக்கு நகர்ந்தது.

எங்கள் கரையின் நிலம் ஆற்று மணலால் ஆனது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. மார்க்கோ போலோ கண்ட காயலும் உள்ளே தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும் கடலைப் பின்னுக்குத் தள்ளின. அந்த மணல் வெறும் கட்டடப் பொருளா? ஆற்றுப்படுகையில் அது நிற்கிற வரைதான் கரையோரக் கிணறுகளில் நன்னீர் நிற்கும். கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. மேலே அழுத்தம் குறைந்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். மாலத்தீவின் சிறு தீவுகளில் மழைநீர் மண்ணுக்கடியில் தேங்கி நிற்பதும் இதே முறையில்தான். அந்த நன்னீர்ப் படலம் மெல்லியது; 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்தபோது பல தீவுகளின் கிணறுகள் கரித்துப்போயின. முக்காணி, புன்னைக்காயல் பக்கம் உப்பு ஏறுவதும், தீவில் ஏறுவதும் ஒரே விதியின்படி நடப்பவை.

தாமிரபரணி மணலுக்காக இந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு போராடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஆர்.நல்லகண்ணு, 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வழக்காடி, ஆற்றில் மணல் அள்ளத் தடை பெற்றார். அதற்குப் பிறகும் திருட்டு நிற்கவில்லை. 2023 ஏப்ரல் 25 அன்று, மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் முறப்பநாட்டில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2017இல் தமிழ்நாட்டு மணல் தட்டுப்பாட்டைப் பார்த்து மலேசியாவிலிருந்து ஆற்று மணல் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கியது. மணல் இறக்குமதி ஆகும் அளவுக்குத் தட்டுப்பாடு கண்ட அதே துறைமுகம் மணல் ஏற்றுமதிக்கும் குறிக்கப்பட்டிருக்கிறது.

தாமிரபரணி மணல் மாலே போகிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. உரிய அனுமதி பெற்று எடுத்த மணலாக இருக்க வேண்டும், கடலோர ஒழுங்குமுறையில் தடைசெய்த இடத்தில் எடுத்ததாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் உண்டு. என் கவலை வேறு. பத்து லட்சம் டன்னுக்கு அரசே கதவைத் திறந்துவைக்கும்போது, அந்தத் தேவையின் இழுப்பு துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ஆறுகள் வரை வராமல் போகாது. நேரடியாக வராவிட்டாலும், வேறோர் ஆற்றின் மணல் வெளியே போய்விட, இங்கே வீடு கட்டுகிறவர் எங்கள் ஆற்றைத் தேடி வருவார். சந்தையில் மணல் ஒன்றுதான், ஆறுகள் மட்டுமே பல.

மாலத்தீவுக்காரர்கள் வீடு கட்ட வேண்டாமா? நிச்சயம் வேண்டும். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் இன்று தமிழ்நாட்டின் பெரும்பாலான கட்டடங்களைத் தாங்குகிறது. அதுவும் மலையிலிருந்துதான் வருகிறது. 2022 மே மாதம் நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் இறந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் குவாரியை ஓர் எல்லைக்குள் வைத்துக் கண்காணிக்கலாம். ஆற்றில் ஓரிடத்தில் தோண்டினால் மேலும் கீழும் பல மைலுக்கு அது தெரியும். ஒதுக்கீட்டில் உள்ள ஆற்று மணலை ஆண்டுக்காண்டு குறைத்து, அந்த இடத்தில் தரம் சோதித்த எம்-சாண்டை வைக்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

இனி, இங்கிருந்து போக வேண்டியது எது என்ற பேச்சு. தென்கால், வடகால் பாசனத்தில் ஸ்ரீவைகுண்டம் முதல் ஆத்தூர் வரை வாழை நிற்கிறது. ஏத்தன், சக்கை, கோழிக்கூடு, கதலி. ஏத்தன் விலையை ஓணத்தை ஒட்டிய கேரளச் சந்தை தீர்மானிக்கிறது. அது போனால் உள்ளூர் ஏலத்தில் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை வடநாடு வரை போகிறது. மாலத்தீவிலும் வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டு. 2024இல் அங்கே 20 லட்சம் சுற்றுலாப் பயணிகள் போனார்கள். விடுதி மேசையில் வைக்கும் பழமும் காய்கறியும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் கொஞ்சம் போகிறது. தூத்துக்குடியிலிருந்து மாலே நேர்கோட்டில் 700 கிலோமீட்டர் சொச்சம்; எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே போகும் தூரத்தைவிடச் சற்றுத்தான் கூடுதல். ஆனாலும் எங்கள் வாழைத்தாருக்குச் சென்னை பக்கம், மாலே தொலைவு.

கடல்வழி இல்லாமல் இல்லை. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துத் தோணிகள் தலைமுறை தலைமுறையாக மாலேக்கும் லட்சத்தீவுக்கும் போய்வருகின்றன. ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவல் அந்தத் தோணித் தொழிலின் காலத்தைச் சொல்வது. 2013இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஆனால் தோணி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்றில் கடலுக்குப் போகக் கூடாது. மற்ற மாதங்களிலும், மரத்தோணியின் வெக்கையில் வாழைத்தார் பழுத்துவிடும். சுமார் 14 டிகிரிக் குளிரில் வைத்தால்தான் காய் பச்சையாகவே போய்ச் சேரும்.

2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, குல்ஹுதுஃபுஷி, மாலே என்ற வழியில் சரக்குக் கப்பல் சேவையை இரு அரசுகளும் தொடங்கின. 200 கன்டெய்னரும் 3,000 டன் மொத்தச் சரக்கும் ஏற்றக்கூடிய கப்பல் அது. 2023 மே மாதம் தூத்துக்குடியிலிருந்து மாலேக்கு நேரடிச் சேவை, மாதம் மூன்று முறை என்று அறிவித்துக் கொடியசைத்தார்கள். கொடியசைப்பதில் குறையில்லை. இப்படிப்பட்ட சேவைகளுக்கு வரும் நோய் ஒன்றுதான்: போகும்போது நிறைந்த கப்பல் வரும்போது காலியாக வருகிறது. மாலத்தீவு ஏறக்குறைய எல்லாவற்றையும் வாங்குகிறது, மீனைத் தவிர விற்பதற்கு அதனிடம் அதிகம் இல்லை. இந்தியாவுக்கு வருவதில் முக்கியமானது பழைய இரும்பு. இரண்டு பயணத்தின் எரிபொருளும் ஒரு பயணத்துச் சரக்கின் தலையில் விழுகிறது. தீவுக்காரர் வாங்கும் வெங்காயத்தின் விலையில் காலியாகத் திரும்பும் கப்பலின் டீசலும் சேர்ந்திருக்கிறது. முன்பு பாதி விடை என்று நிறுத்தியதன் மறுபாதி இதுதான்.

திரும்பி வரும் சரக்கு இல்லவே இல்லையா? நூற்றாண்டுகளாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாக இருந்த இபின் பதூதா, அங்கிருந்து போன உலர்மீன், கயிறு, சோழி பற்றி எழுதியிருக்கிறார். அந்த உலர்மீன்தான் நம் வீடுகளில் இடித்துச் சம்பலும் துவையலும் செய்யும் மாசிக் கருவாடு. இன்று சூரை மீனைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் முறையை மாலத்தீவு காப்பாற்றி வைத்திருக்கிறது, அந்தப் பெயருக்கு உலகச் சந்தையில் கூடுதல் விலை உண்டு. உறைந்த சூரையில் பெரும்பகுதி தாய்லாந்துக்குப் போய் டின்னில் அடைபட்டு மேற்கு நாடுகளுக்குப் போகிறது. தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. வாழைக்காயை 14 டிகிரியில் கொண்டுபோகும் அதே குளிர்பதனக் கன்டெய்னரைக் குளிரைக் கூட்டி, உறைந்த சூரையோடு திருப்பிக் கொண்டுவரலாம். இறக்குமதி வரியும் தீவுக்கூட்டத்தின் நடுவே மீனைச் சேர்த்து வைக்கும் குளிர்க்கிடங்கும்தான் பேசித் தீர்க்க வேண்டியவை.

ஒரே ஆலை, ஒரே வழி என்று வாழ்வதன் ஆபத்தைத் தீவுகள் அறியும். 2014 டிசம்பர் 4 அன்று மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்தபோது ஒரு லட்சம் பேருக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. இந்தியக் கப்பலும் விமானமும் தண்ணீர் கொண்டுபோயின. எங்களுக்கும் அது புரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயிலுக்குள் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்ட நாள்களில், சாலையும் தண்டவாளமும் அறுந்து எங்கள் ஊர்களும் தீவாகவே கிடந்தன. வாழைத் தோட்டங்கள் தாரோடு சாய்ந்தன. அப்படிச் சாய்ந்த விவசாயிக்கு மறுபடி நிற்க நிச்சயமான இன்னொரு சந்தை வேண்டும். தீவுக்கு நிச்சயமான இன்னொரு உணவு வழி வேண்டும்.

2025 ஜூலையில் இந்தியாவும் மாலத்தீவும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தப் பேச்சுக்கான வரையறைகளை முடித்திருக்கின்றன. அந்த மேசையில் தமிழ்நாடு அரசு மூன்றைக் கேட்க வேண்டும். ஆற்று மணல் ஒதுக்கீட்டைப் படிப்படியாக நிறுத்தி எம்-சாண்டுக்கு மாற்றுவது. பழத்தையும் காய்கறியையும் ஏற்றி, திரும்பும்போது சூரை மீனைக் கொண்டுவர, வாரம் ஒரு குளிர்பதனச் சேவையைத் தூத்துக்குடியிலிருந்து ஓட்டி, முதல் சில ஆண்டுகளின் இழப்பை இரு அரசுகளும் பகிர்ந்துகொள்வது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆத்தூருக்கும் இடையே வாழைக்காயைத் தரம் பிரித்துக் குளிர்விக்கும் கூடம் ஒன்றைக் கட்டி, உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளிடம் கொடுப்பது. மூன்றுக்கும் ஆகும் செலவு மாலேயில் எழும் பாலத்துக்குக் கொடுத்த கடனில் ஒரு சிறு துளி.