கோப்பையின் மீதா குற்றம்?

காப்பிக் கடைகள் மூடப்படுகின்றன என்னும் செய்தி நம் சமுதாயப் பெரியவர்கள் பலருக்கு மகிழ்ச்சி தந்திருக்கிறது. "ஒரு குவளைக் காப்பிக்கு இருநூறு ரூபாய் கொட்டிக் கொடுத்த காலம் ஒழிந்தது, பிள்ளைகளுக்குப் புத்தி வந்தது" என்கிறார்கள். ஜும்ஆ நாளில் மிம்பரில் நின்று, வீண் செலவுக்கு இறைவன் வைத்த முற்றுப்புள்ளி இது என்று முழங்குவோரும் உளர். சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணி வாழும் திருப்பூர் போன்ற ஊரில் இப்பேச்சு எளிதில் காதில் ஏறும். ஏறுவதனாலேயே அது உண்மையாகிவிடுமா? ஆகாது என்பதே நம் கருத்து. மூடிய கடைகள் சிக்கனத்தின் வெற்றியைக் காட்டவில்லை. கடனின் கொடுமையைக் காட்டுகின்றன. வீண் செலவு நம்மை விட்டுப் போகவுமில்லை; அது குடி மாறியிருக்கிறது. குடியேறிய வீடு நம்முடைய வீடுதான் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

கஹ்வாவும் நாமும்

காப்பியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோர் அதன் வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்ப்பது நலம். கஹ்வா என்னும் சொல் பண்டைய அரபியில் மதுவின் பெயர்களுள் ஒன்று. உணவின் மீதுள்ள விருப்பத்தைக் குறைப்பது என்று அதற்குப் பொருள் கூறுவர் அகராதி ஆசிரியர்கள். பிற்காலத்தில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ருகளில் விழித்திருப்பதற்காக அருந்திய பானத்திற்கு அப்பெயர் வழங்கலாயிற்று. அங்கிருந்து அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் பரவியது. 1511ஆம் ஆண்டில் மக்காவில் அதிகாரியாயிருந்த காயிர் பேக் என்பவர் மார்க்கச் சட்ட அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டிக் கஹ்வாவுக்குத் தடை விதித்தார். காப்பிக் கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை அப்பானத்தை முற்றாக விலக்கவில்லை. அந்த அதிகாரியை உறுத்தியது கோப்பை அன்று. கோப்பையைச் சுற்றி இரவில் கூடியிருந்து பேசிய கூட்டமே. கோப்பையின் மீது பழியைப் போட்டுவிட்டு வேறொன்றை மறைக்கும் வழக்கம் ஐந்நூறு ஆண்டுப் பழமையுடையது என்பதை ஈண்டு குறித்துக்கொள்வோமாக.

நம் நாட்டிற்குக் காப்பி வந்த கதையும் நமக்கு அந்நியமானதன்று. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாபா புதன் என்னும் இறைநேசர், யமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு கொட்டைகளை எடுத்துவந்து, 17ஆம் நூற்றாண்டில் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வந்த செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பின்னர்த் தமிழகத்தில் காப்பி உயர்சாதியாரின் பானமாகக் கருதப்பட்டதையும், தேநீர் உழைப்பாளருக்கும் முஸ்லிம்களுக்கும் உரியதாகப் பேசப்பட்டதையும் வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். கொண்டுவந்தவர் நம்மவர், குடிக்கும் உரிமை பேசியவர் பிறர்! இவ்வளவு வரலாறுடைய பானத்தை, நம் பிள்ளைகள் நேற்றுக் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம் என்று தள்ளிவிட முடியுமா?

கடையைச் சாய்த்தது எது?

அதே சிக்மகளூர் மண்ணில் காப்பித் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர் வி. ஜி. சித்தார்த்தா. அவர் 1996இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் தொடங்கிய கஃபே காஃபி டே நாடெங்கும் பரவி, 2019ஆம் ஆண்டையொட்டி 1,700க்கும் மேற்பட்ட கடைகளாக விரிந்தது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் மங்களூர் அருகே நேத்திராவதி ஆற்றிலிருந்து அவருடைய உடல் மீட்கப்பட்டபோது நாடே திடுக்கிட்டது. அவர் எழுதியதாக வெளிவந்த கடிதத்தில், கடன் கொடுத்தோரின் நெருக்கடி பேசப்பட்டிருந்தது. அக்குழுமத்தின் கடன் 2019 மார்ச்சில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. பின்னர்க் கடனை அடைக்கச் சொத்துகள் விற்கப்பட்டன. நோய்த்தொற்றுக் காலத்தின் ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. சில ஆண்டுகளுக்குள் கடைகளின் எண்ணிக்கை 500க்கும் கீழே இறங்கியது. குழுமத்தின் துணை நிறுவனங்களிலிருந்து 3,500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணம் தோட்ட நிறுவனமொன்றுக்குத் திருப்பிவிடப்பட்டதாகக் கண்ட பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம், 2023 ஜனவரியில் 26 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இவ்வரலாற்றில் எங்கேனும், காப்பி குடிக்க ஆளில்லாமல் கடை மூடப்பட்டது என்ற வரி இருக்கிறதா? வாடிக்கையாளர் திருந்தியதால் வீழ்ந்த கடையா இது? கடன் வாங்கி விரித்த சிறகு, கடன் கழுத்தை இறுக்கியபோது மடங்கியது. காப்பி ஆசை குன்றவில்லை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 2012இல் மும்பையில் முதல் கடையைத் திறந்த டாடா ஸ்டார்பக்ஸ் இன்று 400க்கும் மேற்பட்ட கடைகளை நடத்துகிறது. ஒரு பெயர்ப்பலகை இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறுகிறது. வட்டியின் தீமையைப் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுமா? அதை விட்டுவிட்டு, பையன் குடித்த குவளையைப் பற்றிப் பேசுகிறார்கள் நம் பேச்சாளர்கள்.

சிக்கனம் வந்துவிட்டதா?

இனி, மக்கள் திருந்திவிட்டார்கள் என்ற வாதத்தைப் பார்ப்போம். நடுவண் அரசு நடத்தும் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, 1999-2000ஆம் ஆண்டில் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்கு நாட்டுப்புறக் குடும்பம் தன் செலவில் 4.19 விழுக்காட்டையும், நகர்ப்புறக் குடும்பம் 6.35 விழுக்காட்டையும் ஒதுக்கின. 2023-24இல் அவை முறையே 9.84 ஆகவும் 11.09 ஆகவும் உயர்ந்துவிட்டன. அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு நகர்ப்புறத்தார் செலவிடுவதோ 4 விழுக்காட்டை எட்டவில்லை. சோற்றுக்குச் செலவிடுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகக் குடிக்கவும் கொறிக்கவும் செலவிடும் நாடாக நாம் மாறியிருக்கிறோம். மறுபுறம், குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23இல் நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்குத் தாழ்ந்தது. பல பத்தாண்டுகளில் காணாத தாழ்வு அது. காப்பிக் கடையில் மிச்சமான பணம் உண்டியலுக்கு வந்திருந்தால் இந்தத் தாழ்வு நேர்ந்திருக்குமா?

நம் ஊரையே பார்ப்போம். குளிரூட்டிய காப்பிக் கடைக்குப் போகாதவரும் பேக்கரியில் நின்று ஒரு நாளைக்கு நான்கு முறை தேநீரும் பப்ஸும் வாங்குகிறார். கைப்பேசியில் விரலைத் தொட்டால் உணவு வாசலுக்கு வருகிறது. கைப்பேசியே தவணையில் வாங்கியது, வண்டி தவணை, குளிர்பதனப் பெட்டி தவணை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு ஓட்டும் டெய்லரின் வாரச் சம்பளம், அவர் கைக்கு வருமுன்பே பங்கு பிரிக்கப்பட்டுவிடுகிறது. செலவின் முகம் மாறியிருக்கிறது, குணம் மாறவில்லை.

வீண் செலவு குடியிருக்கும் இடம்

அரபி மொழியில் இஸ்ராஃப், தப்தீர் என இரு சொற்கள் உள. இரண்டையும் வீண் விரயம் என்றே நாம் பெயர்த்துவிடுகிறோம். இஸ்ராஃப் என்பது எல்லை கடத்தல். தப்தீர் என்பது விதையை இறைப்பதைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. ஆகுமான காரியத்தில் அளவு மீறுவது முன்னது. செலவிடத் தகாத இடத்தில் செலவிடுவது பின்னது என்று அறிஞர் சிலர் வேறுபாடு காண்பர். இரண்டாவதைச் செய்வோரையே திருமறையின் 17ஆம் அத்தியாயம் ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்று கடிந்துரைக்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு நம் வீட்டுக்குள் வருவோம். வாரம் ஒருமுறை இருநூறு ரூபாய்க்குக் காப்பி குடிக்கும் இளைஞர் ஆண்டொன்றுக்கு 10,400 ரூபாயும், பத்தாண்டில் 1,04,000 ரூபாயும் செலவிடுகிறார். அது அளவு மீறியதாகவே இருக்கட்டும். அதே தொகை நம் திருமண மண்டபங்களில் ஒரு மாலைப்பொழுதின் மேடை அலங்காரத்திலும் ஒளிப்பதிவிலும் கரைந்துபோகிறதே, அதனை எந்த மிம்பர் கண்டித்தது? மஹர் கொடுத்து மணமுடிக்கக் கட்டளையிடப்பட்ட ஆண்மகன், கைக்கூலி வாங்கிக்கொண்டு மணமேடை ஏறுகிறானே, அது எந்தச் சொல்லின் கீழ் வரும்? கொடுக்கவேண்டியவன் வாங்குகிறான், வாங்கவேண்டியவளின் தகப்பன் வட்டிக்குக் கடன் எடுத்துக் கொடுக்கிறான். நிக்காஹ் ஓதிவைக்கும் நாமும் அந்த மண்டபத்திலேயே அமர்ந்து பிரியாணி உண்கிறோம்.

"திருமணம் வாழ்வில் ஒருமுறைதானே!" என்பார்கள். கடன் ஒருமுறையோடு நிற்கிறதா? இந்த வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், இளம்பெண்கள் மூன்றாண்டுகள் விடுதியில் தங்கி உழைத்து, முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை பெறும் முறை நெடுங்காலம் நடந்தது. அதன்மீது எழுந்த கண்டனங்கள் நாடறிந்தவை. ஒரு பெண்ணின் மூன்றாண்டு இளமையை ஒரு நாள் மண்டபம் விழுங்கிற்று. குவளைக் காப்பியை எண்ணிக் கொதிப்பவர்கள் இந்தக் கணக்கை எண்ணிப் பார்த்ததுண்டா? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடனை விட்டு இறைவனிடம் பாதுகாப்புத் தேடியவர்கள். கடனோடு இறந்தவரின் ஜனாஸாத் தொழுகையை, அக்கடனை ஒருவர் ஏற்கும்வரை தாமே நடத்தாமல் விலகி நின்றவர்கள். அவர்களுடைய உம்மத்தினர் கடன் வாங்கி விருந்து வைப்பதைக் கண்ணியம் என்கிறார்களே!

பிறர் பணப்பையில் வாழும் ஊர்

திருப்பூர்க்காரருக்கு இதில் தனியான படிப்பினை ஒன்று உண்டு. 1920களில் இவ்வூரில் பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்டவர்களுள் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகனின் பெயரை ஊர் வரலாறு முன்வைக்கிறது. அன்று உள்ளூர்ப் பனியனில் தொடங்கிய தொழில், இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதியாக வளர்ந்திருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் செல்வது. பெட்டி நிறையச் சட்டை வைத்திருப்பவர் மேலும் ஒரு சட்டை வாங்குவதால்தான் இங்கே கட்டிங் மாஸ்டர் வீட்டிலும் செக்கிங் பெண்ணின் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. இதை மறந்துவிட்டு, பிறர் பணப்பையை மூடினால் நாம் மகிழ்வது எப்படிப் பொருந்தும்?

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்க அரசு இந்தியச் சரக்குகளின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது என்ன நேர்ந்தது? ஆர்டர்கள் நிறுத்திவைக்கப்பட்டன, ஷிப்டுகள் குறைந்தன, கைமடிப் பிள்ளைகளுக்கு வேலையில்லை என்றனர். அடுத்த மாதமே அந்நாட்டின் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் வட அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கடைகளை மூடுவதாக அறிவித்தது. அங்கே காப்பி ஊற்றியவரும் இங்கே காஜா அடித்தவரும் ஒரே வகைக் காற்றில் ஆடும் இலைகள். வேலை குறைந்த அந்நாள்களில் கடனில்லாத குடும்பம் கஞ்சி குடித்தேனும் கடந்தது. தவணையும் மணக்கடனும் சுமந்த குடும்பமோ நகையை அடகு வைத்தது. வருவாய் பிறர் கையில் இருக்கும் ஊரில், செலவேனும் நம் கையில் இருக்க வேண்டாமா?

முதலாளிமார்க்கும் ஒரு சொல். ஆர்டர் இல்லை என்று தொழிலாளியின் கூலியைப் பிடித்துவைத்த கை, தன் வீட்டு விருந்தில் மட்டும் தாராளமாக நீளுமானால், அந்த விருந்தின் செலவில் ஒரு பகுதி அத்தொழிலாளியின் வியர்வையாகும். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தை அவர்கள் நினைவுகூர வேண்டும்.

மூடிய கதவைத் திறந்தவர்கள்

கடை மூடப்படுவதைக் கைதட்டி வரவேற்போரும், கைகட்டிப் பார்த்திருப்போரும் அறியவேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. காப்பி வாரியம் நடத்திவந்த காப்பி இல்லங்களை 1950களின் நடுவில் மூட முடிவு செய்தபோது வேலையிழந்த பணியாளர்கள், தோழர் ஏ. கே. கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். முதற்சங்கம் 1957 ஆகஸ்டில் பெங்களூரில் தோன்றியது. 1958இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கூட்டுறவுக் காப்பி இல்லம் திறக்கப்பட்டது. பரிமாறியவர்களே உரிமையாளராயினர். அந்த இந்தியக் காப்பி இல்லங்கள் இன்றும் எளிய விலையில் இயங்குகின்றன. பல்லாயிரம் கோடி கடன் வாங்கி விரிந்த கடை சுருங்கிவிட்டது. கையிலிருந்த சிறுதொகையைக் கூட்டிச் சேர்த்தவர்களின் கடை அறுபதாண்டுகளுக்கு மேல் நிற்கிறது. காப்பி இரண்டிலும் காப்பிதான். வேறுபாடு முதலில் இருக்கிறது.

நம் ஜமாஅத்துகள் இதிலிருந்து கற்கக்கூடாதா? ஒவ்வொரு மஹல்லாவிலும் வட்டியில்லாக் கடனுக்கு ஒரு பைத்துல்மால் அமைப்பது இயலாத காரியமன்று. வீட்டுக்கு வாரம் ஒரு குவளைக் காப்பியின் விலை போதும். நூறு வீடுகள் இருநூறு ரூபாய் வீதம் தந்தால் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் சேரும். ஷிப்டு இல்லாத மாதத்தில் நகை அடகுக்குப் போகாமல் காக்க அது உதவும். கைக்கூலி பேசப்பட்ட திருமணத்திற்கு ஜமாஅத்தின் பதிவேடு திறக்கப்படாது என்று முத்தவல்லிமார் துணிந்து அறிவிக்கட்டும். ஆலிம்களாகிய நாமும் அத்தகைய விருந்தில் அமர மறுப்போம். பத்து ஜும்ஆவில் காப்பியைக் கண்டிப்பதைவிட ஒரு மண்டபத்திலிருந்து எழுந்து வருவது மேலான பிரசங்கமாகும்.

திருமறையின் 25ஆம் அத்தியாயம் நல்லடியார்களை வருணிக்கும்போது, வீண் விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் செய்யாமல் இரண்டிற்கும் நடுவே நிற்போர் என்கிறது. அந்த நடுவழியை இளைஞனின் கோப்பையில் மட்டும் தேடுவது நேர்மையன்று. அவன் குடிக்கும் காப்பிக்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் மண்டபத்துக்குக் கணக்குக் கேட்க அவனுக்கும் உரிமை உண்டு. அவன் கேட்கும் நாள் தொலைவில் இல்லை. அதற்கு முன்பாகவே நம் கணக்கை நாமே சரிசெய்து வைக்கும் நற்பேற்றை இறைவன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.