தலைநகரின் தெருவும் நம் கிணற்றடியும்

கொழும்பு மாநகரில் பஸ் ஓடினால் என்ன, ரயில் ஓடினால் என்ன, அதனால் நமக்கு வருவதென்ன, போவதென்ன என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். வருவதும் உண்டு, போவதும் உண்டு என்பதை அவர்கட்கு எடுத்துரைப்பது எமது கடமையாகும்.

இந்நாடு எண்ணெய் எடுக்கும் நாடன்று. தலைநகரத்துக் கார் குடிக்கும் பெற்றோலுக்கும், நம் கமக்காரனின் நீரிறைக்கும் இயந்திரம் குடிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரே அந்நியச் செலாவணிப் பையிலிருந்தே விலை கொடுக்கப்படுகின்றது. ஆகவே, தலைநகரின் போக்குவரத்தை எவ்வாறு அமைப்பது என்னும் தீர்மானம் தலைநகரின் சொந்த விவகாரமன்று.

அத்தீர்மானங்களின் வரலாறு யாது? மின்சாரத்தால் ஓடிய ட்ராம் வண்டிகள் 1960இல் நின்றன. மின்சாரத்தாலேயே ஓடிய ட்ரொலி பஸ்களும் 1964இல் மறைந்தன. மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் தூரத்துக்கு மின்சார இலகு ரயில் அமைக்க ஜப்பான் கடனுதவ முன்வந்து, 2019இல் ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று. 2020 செப்டெம்பரில் அரசு அதனையும் கைவிட்டது. செலவு அதிகம் என்பதே கூறப்பட்ட காரணம். கடனுக்கு வட்டியோ நூற்றுக்கு 0.1 வீதம், தவணையோ 40 ஆண்டுகள். ரயிலின் செலவைக் கணக்கிட்டவர்கள், நெரிசலில் நின்றபடியே புகையாய்ப் போகும் எண்ணெயின் செலவைக் கணக்கிட்டார்களா என்று கேட்கின்றோம். மின்சாரத்துக்கும் எண்ணெய் வேண்டுமே என்பார் சிலர். நம் மின்சாரத்தில் கணிசமான பங்கை மலைநாட்டு ஆறுகள் தருகின்றன என்பதை அவர்கள் மறக்கலாகாது.

அந்த ரயிலைக் கைவிடாதிருந்தால் 2022இன் நெருக்கடி வந்திராது என நாம் வாதாடவில்லை. அதற்குக் காரணங்கள் வேறு பல. ஆனால், பை வெறுமையானபோது நடந்ததென்ன? வற்றாத ஆறொன்று இல்லாத யாழ்ப்பாணத்தில் கிணறே கமக்காரனுக்குக் கதி. துலாவைக் கைவிட்டு இயந்திரத்தை நம்பியவன் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றான். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறிற்று. காரில் சென்றவர் பஸ்ஸில் ஏறலாம், நடக்கவும் செய்யலாம். வெங்காயமும் மிளகாயும் தாகத்தை ஒத்திவைக்குமா?

கொழும்பில் பஸ்ஸில் நசுங்கிச் செல்லும் தொழிலாளி மீது நமக்குக் குரோதமில்லை. நல்ல ரயிலின்றி அவனும் வருந்துகின்றான். அங்கு உத்தியோகம் பார்க்கும் நம்மவர் இதனை நன்கறிவர். கைவிட்டவர்களையே நாம் குற்றஞ்சாட்டுகின்றோம்.

நாம் கேட்பவை இரண்டு. தலைநகரின் போக்குவரத்து எண்ணெயை விட்டு மின்சாரத் தண்டவாளத்தில் ஏறட்டும். எரிபொருள் பங்கிடும் நாள் மீண்டும் வருமாயின், வரிசையின் முன்னிடம் பயிருக்குக் கிடைக்கட்டும். மாலபேயில் போடாத தண்டவாளத்துக்கு மருதனார்மடத்துக் கிணற்றடியில் விலை செலுத்த இனியும் நாம் ஆயத்தமாயில்லை.