சரியாத சரிவின் பொய்ப்பாடம்

குல்மார்க்கின் கோண்டோலா இரண்டு கட்டங்களாக ஏறி, அபர்வத் மலையில் 4,000 மீட்டருக்குச் சற்றே குறைவான உயரத்தில் பயணிகளை இறக்கிவிடுகிறது. சறுக்குக்கட்டைகளின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் நடந்தேற வேண்டிய உயரம், அங்கே ஒரு பயணச்சீட்டுக்குக் கிடைத்துவிடுகிறது. மேலிருந்து பிரியும் சரிவுகளில் ஒரு பகுதியே மீட்புக் குழுவின் கண்காணிப்பில் உள்ளது. அதைத் தாண்டினால் யாரும் சோதித்திராத, யாரும் பொறுப்பேற்காத பனி. சறுக்குவோர் அதைப் பேக்கன்ட்ரி என்பர். நேற்றுக் கீழ்ச்சரிவில் நிற்கப் பழகியவரும் இன்று அதன் விளிம்பை எட்டிவிடலாம்.

அப்படிப்பட்டவர் அந்த விளிம்பைக் கடக்கலாமா? மலை வல்லவர்க்கே உரியது என்கிறது ஒரு தரப்பு. வல்லவரும் ஒருநாள் புதியவராக இருந்தவரே என்கிறது மறுதரப்பு. இரண்டும் ஒரே சொல்லில் இடறுகின்றன. ‘தொடக்கநிலையாளர்’ என்னும் சொல் இரண்டு அறியாமைகளைச் சுமக்கிறது: கட்டையின் மேல் உடலைத் திருப்பத் தெரியாமை ஒன்று, பனியின் அடுக்குகளைப் படிக்கத் தெரியாமை மற்றொன்று. முதலாவது விழும்போதே ஊரறிய வெளிப்பட்டுவிடும். இரண்டாவது தேர்ந்த சறுக்கு வீரரிடமும் ஒளிந்திருக்கும். அவருடைய திறமையே அதற்குத் திரையாகும்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் நிகழ்கின்றன. சறுக்குவதற்கு மிகுந்த இன்பம் தரும் சாய்வும் ஏறத்தாழ அதுவே. அடியில் நலிந்த ஓர் அடுக்கும் அதன்மேல் இறுகிய பாளமும் இருந்தால், ஒரு மனிதரின் எடையே அதை உடைக்கப் போதும். உயிரிழப்பு நேரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டுவோர், புதையுண்டவரோ அவருடன் சென்றவரோதான்.

ஆனால் அந்தப் பாளம் ஒவ்வொரு முறையும் உடைவதில்லை. நலிந்த அடுக்கின் மேல் பத்து முறை சறுக்கியவர் பத்து முறையும் நலமாக இறங்கிவரலாம். அவர் கணிப்பு சரியா, நற்பேறு காத்ததா என்பதை மலை சொல்வதில்லை. மாணவர் எழுதிய பிழையான விடைகளுக்கும் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்து, ஒருநாள் மட்டும் விடைத்தாளைக் கிழித்தெறியும் தேர்வாளரைப் போன்றது அது. பொழுதுபோக்குக்காக மலையேறியோர் சிக்கிய 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயான் மெக்கமன், பழகிய இடம் என்னும் உணர்வு பயிற்சியின் பயனையே அழித்துவிடக்கூடும் எனக் கண்டார். குல்மார்க்கில் 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் இறந்தபோது, அக்குழு உள்ளூர் வழிகாட்டியின்றிச் சென்றது எனக் கூறப்பட்டது. ‘வழிகாட்டி இருந்திருந்தால்’ என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் இறந்த பனிச்சரிவில் மீட்கப்பட்டோருள் உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தனர்.

மலை திருத்தாத பிழையை மனிதர்தாம் திருத்தியாக வேண்டும். பேக்கன்ட்ரியில் விமர்சனத்தின் இடம் இதுவே. அங்கே அது நாகரிகம் சார்ந்த விருப்பத்தேர்வாக இருக்க முடியாது. ‘என் உயிர், என் விருப்பம்’ என்னும் விடையும் அங்கே செல்லாது. புதையுண்டவரில் பெரும்பாலோர் பிழைப்பது ஏறத்தாழ முதல் கால்மணி நேரத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டால்தான். அதற்குள் வெளியிலிருந்து மீட்புக் குழு வந்துசேர்வது அரிது. பீக்கன் கருவியின் ஒலியைத் தொடர்ந்து சென்று, துழாவுகோலால் குத்திப் பார்த்து, வாரியால் தோண்ட வேண்டியவர் பக்கத்தில் சறுக்கிய தோழரே. புதியவர் தம் உயிரோடு இன்னொருவர் உயிரையும் கையில் வைத்திருக்கிறார். ‘அந்தக் கருவியை எத்தனை முறை பயன்படுத்திப் பழகியிருக்கிறாய்?’ என்று கேட்பதை அவமதிப்பாகக் கொள்பவர், எத்துணை அழகாகச் சறுக்கினாலும் அங்கே போகத்தக்கவர் அல்லர்.

விமர்சிப்போரும் குற்றமற்றவர் அல்லர். அவர்களுள் பலர் முடிவைக் கண்டே தீர்ப்பெழுதுகின்றனர். இறந்தவர் முட்டாள், அதே சரிவில் அதே நாளில் பிழைத்து வந்தவர் துணிச்சல்காரர். ‘இன்று மயிரிழையில் தப்பினேன்’ என்று ஒருவர் உண்மை சொல்லும்போது எள்ளி நகையாடினால், அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். பல விபத்துகளுக்குப் பின் கிடைத்திருக்க வேண்டிய பாடம் இப்படித்தான் புதைந்துபோகிறது. (முனைவர்பட்டக் கருத்தரங்குகளில் அமர்ந்தவர்களுக்கு இந்த மௌனம் புதிதன்று.)

ஆகவே, தொடக்கநிலையாளர் செல்லலாம். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஜிஆர்இ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, இடர் குறைந்த நாளில் செல்லலாம். 30 பாகைக்குக் குறைந்த சாய்வில், தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு ஏதும் இல்லாத இடத்தில் செல்லலாம். தம்மைக் கேள்வி கேட்பவரோடும், தாம் கேள்வி கேட்கக்கூடியவரோடும் செல்லலாம். இந்தக் கடைசி நிபந்தனைதான் கடினமானது. வல்லவரும் அதில் தவறுகின்றனர்.

2012 பிப்ரவரி 19 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாஸ் அருகேயுள்ள டனல் கிரீக் சரிவில் இறங்கிய பெருங்குழுவில் மூவர் இறந்தனர். அக்குழுவினரில் பெரும்பாலோர் அத்துறையில் பெயர் பெற்றவர்கள். அந்த மலையை நன்கு அறிந்தவர்களும் அதில் இருந்தனர். பிழைத்தவர்களுள் சிலர் பின்னர், இறங்கும் முன்பே தமக்கு ஐயம் எழுந்தது என்றனர். அத்தனை வல்லவர் நடுவே அதை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குத் தயக்கமாக இருந்தது.