சாவுக் கணக்குப் பார்த்த சங்கீத மேதை

கலைஞன் பணத்தைப் பற்றிப் பேசலாமா? பேசவே கூடாது என்று சொல்லுகிற கூட்டம் ஒன்று எல்லாத் தேசங்களிலும் உண்டு. சற்று விசாரித்துப் பார்த்தால், அப்படிச் சொல்லுகிறவர் பெரும்பாலும் கலைஞனுக்குப் பணம் கொடுக்க வேண்டியவராகவே இருப்பார்!

இந்தக் கூட்டத்திடம் அகப்பட்டு அவஸ்தைப்பட்டவர்களில் ஜெர்மன் தேசத்து மேதை பாஹ் ஒருவர். 1730-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், டான்சிக் நகரிலிருந்த எர்ட்மான் என்ற பள்ளித் தோழருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். லைப்சிக் நகரில் விலைவாசி அதிகம். தமக்கு வருமானம் சுமார் 700 தாலர். அதிலும் ஒரு பகுதி சவ அடக்கங்களில் கிடைப்பது. போன வருஷம் ஊரில் நல்ல காற்று வீசியதால் சாவு குறைந்து 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார். "இத்தனை பெரிய மனிதர் ஊரார் சாவையா எண்ணிக்கொண்டிருந்தார்!" என்று இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த முகச் சுளிப்பின்மேல்தான் கோபம். ஊரில் சாவு விழுந்தால்தான் பாட்டு வாத்தியாரின் சம்பளம் நிரம்பும் என்று ஏற்பாடு செய்தவர் பாஹ் அல்லவே!

பதினெட்டாம் வயதில், 1703-ல், ஆர்ன்ஸ்டாட் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க அமர்ந்தவர் அவர். 1723-ல் லைப்சிக்கின் புனித தோமா பள்ளியில் சங்கீத உபாத்தியாயர் ஆனார். அந்த வேலைக்கு நகர சபையார் முதலில் விரும்பியது டெலிமானை. அவர் ஹாம்பர்க்கில் சம்பள உயர்வு வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அடுத்தவரான கிரௌப்னரை அவருடைய எஜமானர் விடவில்லை. பிறகுதான் பாஹ்.

வேலை கொஞ்சமா? பையன்களுக்குப் பாட்டுச் சொல்லித் தர வேண்டும். நான்கு தேவாலயங்களுக்குப் பாடகர்களைப் பிரித்து அனுப்ப வேண்டும். முதல் சில வருஷங்களில் ஏறக்குறைய வாரம் ஒரு புதிய உருப்படி இயற்றி, மனைவியும் மக்களும் சீடர்களும் அதைப் பிரதி எடுக்க, ஒத்திகை நடத்தி, ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றினார். அடுத்த வாரம் மறுபடியும் அதே பாடு.

இப்படி உழைத்தவரைத்தான் பாடம் நடத்தவில்லை, சொல்லாமல் ஊருக்குப் போகிறார் என்று சபையார் 1730 ஆகஸ்டில் குற்றம் சாட்டினார்கள்; உபரி வருமானத்தையும் குறைக்கத் தீர்மானித்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி பாஹ் ஒரு மனுக் கொடுத்தார். பள்ளிப் பையன்களில் 17 பேர் பாடத் தகுந்தவர்கள், 20 பேர் இன்னும் தேற வேண்டியவர்கள், 17 பேர் ஒன்றுக்கும் உதவாதவர்கள். ஊர்ச் சம்பளத்தில் வாத்தியம் வாசிப்பவர் 8 பேர், அதில் ஒருவன் கற்றுக்குட்டி என்று பச்சையாகக் கணக்குக் காட்டினார். டிரெஸ்டனில் அரசர் நல்ல சம்பளம் கொடுக்கிறார், அங்கே வாசிப்பவனுக்கு வயிற்றுக் கவலை இல்லை, ஆகையால் வாசிப்பும் உயர்வாக இருக்கிறது என்றும் எடுத்துக் காட்டினார்.

"கஷ்டத்திலும் எழுதினாரே, கஷ்டம்தானே கலையை வளர்க்கிறது?" என்று கேட்பார்கள். சுத்தப் பிதற்றல்! 1717 முதல் 1723 வரை கூத்தன் நகரில், சங்கீதம் அறிந்த ஓர் இளவரசரிடம் அவர் நல்ல சம்பளத்தில் இருந்தார். தனி வயலினுக்கான ஆறு உருப்படிகளை அவர் தம் கையால் பிரதி செய்த 1720-ஆம் ஆண்டும், எல்லாச் சுருதிகளிலும் அமைந்த கீபோர்டு உருப்படிகளின் முதல் தொகுதியை முடித்த 1722-ஆம் ஆண்டும் அந்தக் காலத்தைச் சேர்ந்தவைதாம். வயிறு நிறைந்ததனால் கலை வாடிவிட்டதா என்ன?

1749-ல், பாஹ் உயிரோடிருக்கும்போதே, அவர் இடத்துக்கு வேறொருவரை வரவழைத்துச் சங்கீதம் கேட்டார்கள் சபையார். மறு வருஷம் ஜூலை 28-ஆம் தேதி அவர் மறைந்தார். அவர் சங்கீதத்தைப் பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்த மனைவி ஆன்னா மக்டலேனா, பிறர் கொடுத்த தர்மத்தில் காலம் தள்ளி 1760-ல் இறந்தாள். பாஹ்ஹின் எலும்புகளை எடுத்துவந்து தோமா தேவாலயத்துக்குள் மரியாதையாக வைத்தது 1950-ஆம் ஆண்டில், இருநூறு வருஷம் கழித்து!

பாட்டு வாத்தியார் ஒருவர் சம்பளம் போதவில்லை என்று வந்து நின்றால், தயவுசெய்து கலையின் தெய்விகத்தைப் பற்றி அவருக்குப் பிரசங்கம் செய்யாதீர்கள். அது அவருக்குத் தெரியும். மாதம் என்ன தருவீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.