ஒதுக்கிய நாற்காலியும் 500 மில்லியன் வெள்ளியும்

2023 செப்டம்பரில் தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காடு வாக்குகள் வாங்கி சிங்கப்பூர் அதிபரானபோது எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளில் பாதி 'தமிழன்டா' வகை. ஒன்று மட்டும் சீண்டியது: "பார், அங்கே இடஒதுக்கீடு இல்லாமலே சிறுபான்மையினர் ஜெயிக்கிறார். திறமை இருந்தால் போதும்." அனுப்பியவர் என் கல்லூரி நண்பர். நம் ஊரில் 'திறமை' என்ற சொல் யார் வாயில் அதிகம் புழங்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய தேர்தலே ஒதுக்கீட்டுத் தேர்தல்தான் என்பது அவருக்குத் தெரியாது.

சிங்கப்பூர் குடியரசின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக், மலாய்க்காரர். 1970-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அதன்பின் 47 ஆண்டுகள் அந்த மண்ணின் பூர்வகுடிகளில் ஒருவர்கூட அதிபராகவில்லை. முதலில் நாடாளுமன்றமே அதிபரைத் தேர்ந்தெடுத்தது. மக்கள் வாக்களித்த முதல் தேர்தல் 1993-ல். 1999, 2005 இரண்டிலும் எஸ்.ஆர். நாதன் போட்டியின்றி வந்தார்.

2016-ல் அரசமைப்பைத் திருத்தினார்கள். ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் தொடர்ந்து ஐந்து தவணைகள் அதிபராகவில்லை என்றால் அடுத்த தேர்தல் அவர்களுக்கு மட்டும். கேட்க நன்றாக இருக்கிறது, கொள்கையாக நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அந்த ஐந்தை எண்ணத் தொடங்கிய இடம், மக்கள் வாக்களிக்காமல் பதவிக்கு வந்த வீ கிம் வீயின் தவணை. 1993-லிருந்து எண்ணியிருந்தால் நான்குதான். 2017 திறந்த போட்டியாகியிருக்கும். 2011-ல் மயிரிழையில் தோற்ற டான் செங் போக் மறுபடி நிற்கப்போவதாக முன்பே அறிவித்திருந்தார். அவர் நீதிமன்றம் போனார், தோற்றார்.

அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது. தனியார் துறையிலிருந்து வருபவர் நடத்திய நிறுவனத்தின் பங்குதாரர் மூலதனம் 500 மில்லியன் வெள்ளி இருக்க வேண்டும். முன்பு செலுத்திய மூலதனம் 100 மில்லியன் இருந்தாலே போதும். மனுப்போட்ட மலாய்த் தொழிலதிபர்கள் இருவர் இந்தச் சுவரில் மோதி வெளியேறினார்கள். மிஞ்சியவர் நாடாளுமன்ற சபாநாயகராக இருந்த ஹலிமா யாக்கோப். காவலாளியின் மகள், அடுக்குமாடி வீட்டுவசதிக் குடியிருப்பில் வாழ்ந்தவர். உண்மையாகப் போட்டியிட்டு ஜெயித்திருக்கக் கூடியவர் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு வாக்குச்சீட்டுகூட அச்சாகவில்லை. அவருடைய தந்தை இந்திய முஸ்லிம் என்பதைப் பிடித்துக்கொண்டு 'இவர் மலாயா?' என்று கிண்டினார்கள். அவமானம் அவர் தலையில்தான் விழுந்தது, விதி எழுதியவர்கள் தலையில் இல்லை.

1932 பூனா ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒதுக்கிய இடத்தில் யார் உட்காருவது என்பதோடு, அவரைத் தேர்ந்தெடுக்கும் கை யாருடையது என்பதும் கேள்வி.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். தர்மன் துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்தவர், சுவரின் உள்பக்கத்திலிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்தேன். பதில் வரவில்லை. அங்கே ஆட்சி நடத்துவது அதிபர் அல்ல, பிரதமர். விடுதலைக்குப் பின் இதுவரை நான்கு பிரதமர்கள், நால்வரும் சீனர்கள். அந்த நாற்காலிக்கு எந்த ஒதுக்கீடும் இல்லை.